பதினாலாம் நம்பர்

டிராம்பே, சீத்தா கேம்ப், எஃப் செக்டர்,
தண்ணீர் லாரி நிற்கும் முனைக்கு எதிரே
இரண்டாம் மாடியில்
ஒன்பது பெண்கள் பூச்சி கட்டுகிறோம்.
சேவல் கழுத்து இறகு, முயல் காது மயிர்,
வாத்தின் பின்புறப் பஞ்சு, மெழுகு தடவிய நூல்.
கொக்கியை இடுக்கியில் கவ்வவிட்டு
ஏழு சுற்று, ஒரு முடிச்சு, நறுக்.
ஒன்றுக்கு நாலு ரூபாய்.

கீர்த்திபாய் சுவரில் ஒட்டிய படத்தில்
கல்லுக்கடியில் ஊரும் குஞ்சு,
தோலைப் பாதி கழற்றி நீர்ப்பரப்பில் மாட்டிக்கொண்டது,
இறக்கை நிமிர்த்தி மிதப்பது,
முட்டையிட்டு, இறக்கை விரித்துச் செத்துக் கிடப்பது.
நாலும் ஒரே பூச்சிதான்.
நாலுக்கும் நாலு நம்பர்.
பாதி கழன்றதைத்தான் மீன் ஆசையாகத் தின்னுமாம்.
"ஓட முடியாதுல்ல" என்றாள் சகுந்தலா காம்ப்ளே,
எங்களிடம் கற்ற தமிழில்.
பதினெட்டாம் நம்பர்
கல்லையும் குச்சியையும் எச்சிலால் ஒட்டி
உடம்பளவுக்கு வீடு கட்டிக்கொள்ளும்.
அதற்கு சீத்தா கேம்ப் பூச்சி என்று பெயர் வைத்தோம்.

ட்ரவுட்டை எங்களில் யாரும் பார்த்ததில்லை.
டப்பா மூடியில் உண்டு,
அம்மை வார்த்த மீன்போல் ஒன்று.

முதல் மழைக்கு மறுவாரம், விடியற்காலை,
வாயில் பிரஷ்ஷோடு
மொட்டைமாடி டிரம்முக்குப் போனவள்
சுவரில் பதினாலாம் நம்பரைப் பார்த்தேன்.

பதினோராயிரம் கட்டியிருப்பேன்.
நான் கட்டாத ஒன்று
ஈரச் சுண்ணாம்பில் உட்கார்ந்திருந்தது,
படகின் பாய்போல் இறக்கையை நிமிர்த்தி.
இறக்கைதான் வந்துவிட்டதே, இனி என்ன என்று பார்த்தால்
இன்னொரு முறை தோலுரித்தது.
முதுகு பிளந்து, கால் உருவி,
இறக்கைக்குள்ளிருந்து இறக்கை உருவி,
பழைய தன்னைச் சுவரில் மாட்டிவிட்டு
அரை அடி தள்ளி நின்றது.
முகத்தை உற்றுப் பார்த்தேன். வாய் இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லை.
சாப்பாட்டு வேளையே இல்லாத உயிர்.
வால் இழைகளை எண்ணினேன்.
நுரையைத் துப்பிவிட்டு மறுபடி எண்ணினேன்.
இரண்டு.

படத்தில் மூன்று. மாதிரி அட்டையில் மூன்று.
என் பதினோராயிரத்திலும் மூன்று.

"அது பம்பாய்ப் பூச்சி, இது அந்த ஊர்ப் பூச்சி"
என்றார் கீர்த்திபாய். கொஞ்சம் யோசித்து,
"மீன் என்ன, எண்ணிப் பார்த்துட்டா வாயைத் திறக்குது?"

மீனிடம் கேட்க வழியில்லை. வீட்டில் பல்லி உண்டு.
ட்யூப்லைட் பட்டிக்குப் பின்னால் குடித்தனம்,
மூன்று வருஷமாக, வாடகையில்லாமல்.
கொக்கி முனையைக் குறட்டால் வெட்டிவிட்டு
என் தலைமுடி ஒன்றில் பூச்சியைத் தொங்கவிட்டேன்.
நாற்காலியில் ஏறி நின்று லேசாக அசைத்தேன்.
மூன்று வாலை ஒரு பார்வை பார்த்தது;
மளிகைக் கடையில் விலை மட்டும் கேட்டுப் போகிறவர்போல்
தலையைத் திருப்பிக்கொண்டது.
இரண்டு வால்.
தொண்டை துடித்தது. வால் நுனி நெளிந்தது.
கவ்வியது.
முடி என் விரலில் சுண்டியது.
அவ்வளவு சின்ன இழுப்பு
முழங்கைவரை வந்தது எனக்கு.
உடனே துப்பியது, இறகு, நூல், மெழுகு என்று தெரிந்து.
துப்புவதற்கு முன்னால்
ஒரு நொடி நம்பியதே.

"பசிச்சிருக்கும்" என்றார் வீட்டுக்காரர், கட்டிலிலிருந்து.
இருக்கலாம். பிறகு பல்லி ஏதோ சொன்னது.
எந்தத் திசையிலிருந்து என்று கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆர்டர்: பதினாலாம் நம்பர், பன்னிரண்டு டஜன்,
வால் மூன்று என்று அடிக்கோடிட்டு.
கட்டினேன், நூற்று நாற்பத்து மூன்று.
கடைசி ஒன்றில் நடு இழையை மட்டும்
கத்தரி நுனியால் எடுத்துவிட்டேன்.

சோதனை மேசையில் நூர்ஜமீலா.
தப்பு ஒன்றுக்குப் பத்து ரூபாய் பிடிக்கவேண்டியவள்.
பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தாள்.
நெடுநேரம் எடுக்கவில்லை.
அவள் வீட்டு மாடியிலும்
தண்ணீர் டிரம் இருக்கிறது.